நானூறு அடி

வெள்ளிக்கிழமை மதியம் குடியாத்தம் வந்து இறங்கியது பெட்டி.
எட்டே ரீல். பாட்டு கிடையாது.
அதைக் கேட்டதும் முதலாளி
வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வில்வநாதன் என்று ஒரு ஆள், முதல் படமாம்.
பேரணாம்பட்டில், நிஜமான தோல் ஷாப்பில் எடுத்தது.
காமிராவை இடுப்புக்கு மேலே தூக்கவே மாட்டேன் என்று
யாரிடமோ சத்தியம் செய்துவிட்டு வந்தவன் போல.
ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள்,
ஒருவருக்கும் தலை இல்லை.
மேஸ்திரிக்கு உண்டு, அதுவும் பிடரி மட்டும்.
ஒருத்தி அழுகிறாள் என்றால்
அவள் கால் கட்டைவிரலைக் காட்டுவான்.
கைகலப்பென்றால் கதவுக்கு வெளியே நின்றுகொள்வான்;
உள்ளே சத்தம், வெளியே ஒரு நாய்
காதைத் திருப்பும். அவ்வளவுதான் சண்டைக்காட்சி.

ஐந்தாம் ரீலில் அந்தக் கை வரும்.
சாய்த்துவைத்த கட்டைமேல் ஈரத்தோல்,
இரண்டு பிடி வைத்த கத்தி,
சவ்வு சீவுகிறது.
சீவுகிறது.
வெட்டே இல்லை. நானூறு அடி, நாலரை நிமிஷம்,
வயலின் கியலின் ஒன்றும் இல்லை,
கத்தி இறங்குகிற அந்த 'சர்' மட்டும்.
நடுவில் ஒருமுறை மேலேயிருந்து
ஒரு சொட்டு கத்திமேல் விழும்.
முகம் ஒன்று இருக்கிறது என்பதற்கு
படத்தில் அதுதான் சாட்சி.

முதல் ஆட்டத்திலேயே விசில்.
"ஆப்பரேட்டரு தூங்கிட்டாரா?"
சோடாக்காரன் வியாபாரம் அந்த நாலரை நிமிஷத்தில்தான்.
முதலாளி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்:
"வெட்றா."
வெட்டினேன். சுருட்டி ஆணியில் மாட்டினேன்.
படம் ஓடுவது போலத்தான் ஓடியது.

ஞாயிறு இரவு பேரணாம்பட்டிலிருந்து
லாரியில் நாற்பது பேர்.
அவர்களுக்கு முன்னால் வாசனை வந்தது.
பெஞ்சில் இருந்தவர்கள் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு
ஒருபக்கமாக ஒதுங்கினார்கள்.
வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் ரீல். மேஸ்திரி பிடரி. சங்கு.
அடுத்து, தாவி, கூலி வரிசை.
இருட்டில் ஒரு குரல், சத்தமாகக்கூட இல்லை:
"எங்க கை எங்கய்யா?"

நாற்காலி உடையவில்லை. கல் வரவில்லை.
எழுந்து நின்றார்கள், அவ்வளவே.
வெளிச்சத்தின் குறுக்கே நாற்பது பேர்.
அந்தப் படத்தில் அதுவரை இல்லாத தலைகள்
திரையில் கறுப்பாக முளைத்தன.

கார்பனை அணைத்தேன்.

ஒட்ட வேண்டுமென்றால் பிலிமின் ஓரத்தை
பிளேடால் சுரண்டி, பசை தடவி, அழுத்தவேண்டும்.
அவசரத்தில் கை நடுங்கியது.
கதவருகில் யாரோ: "அழுத்தாத. பொத்தலாயிடும்.
பிளேடப் படுக்கவெச்சு இழு."
திரும்பினேன். சுண்ணாம்பு தின்ற கட்டைவிரல் நகம்.
அந்த நகம் எனக்குத் தெரியும், இரண்டு நாளாக.
"பேரு?"
"மாசிலாமணி. இது என்னா, நீ செரண்டறது?"
"ஜெலட்டின். மாட்டுத் தோலும் எலும்பும்
காய்ச்சி எடுக்கிற பசை. அதுலதான் படமே நிக்குது."
துகளை விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.
"மூக்குக்கு ஒண்ணும் ஒறைக்கல," என்றார்,
"ஆனா இருக்கும்."

மறுபடி ஓட்டினேன்.
அவர் கீழே இறங்கவில்லை.
சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக
தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
கீழே விசில் இல்லை. 'சர்' மட்டும்.
அந்தச் சொட்டு விழுகிற இடத்தில்
தோள்பட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
நாலரை நிமிஷமும் நான் திரைப்பக்கம் திரும்பவே இல்லை.
வில்வநாதன் காட்டாமல் விட்டதை
அடுப்பு மாதிரி எரிகிற அந்த அறையில்
முக்காலடி தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பெட்டி வாலாஜாவுக்குப் போயிற்று.
ஒட்டும்போது இரண்டு பிரேம் நஷ்டமாகும்,
கணக்கில் யாரும் கேட்கமாட்டார்கள்.
என் சட்டைப்பையில் இருந்தது:
கத்தி, தோலுக்கு ஒரு விரல் மேலே,
இன்னும் இறங்காமல்.